மணிக்கணக்கு பார்ப்பதா, நிலை பார்ப்பதா? சொந்த விமானத்தின் ரேடியல் எஞ்சினை எப்போது ஓவர்ஹால் செய்வது

ரேடியல் எஞ்சினின் (சிலிண்டர்கள் நட்சத்திரம் போல வட்டமாக நிற்கும் விமான எஞ்சின்) ஓவர்ஹால், அதாவது முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பது, பற்றிய கேள்வி இரண்டு விதமாக வரும். "கடைசி ஓவர்ஹாலுக்குப் பிறகு 1,350 மணி ஓடிவிட்டது. எஞ்சினில் ஒரு குறையும் தெரியவில்லை. ஓவர்ஹாலுக்கு இறக்கிவிடலாமா, இன்னும் ஓட்டலாமா?" என்பது ஒன்று. "ஓவர்ஹாலுக்குப் பிறகு 280 மணிதான் ஓடியிருக்கிறது, ஆனால் அந்த ஓவர்ஹால் 1994-ல் நடந்தது. நம்பி வாங்கலாமா?" என்பது இன்னொன்று. முதல் ஆள் கவலையோடு கேட்கிறார், இரண்டாவது ஆள் சந்தோஷமாகக் கேட்கிறார். உண்மையில் கவலைப்பட வேண்டியவர் இரண்டாவது ஆள்தான்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் தனியார் கையில் இன்றும் ஓடும் பிராட் அண்ட் விட்னி ஆர்-985 வாஸ்ப் ஜூனியர். 9 சிலிண்டர், 985 கன அங்குலம், நிமிடத்துக்கு 2,300 சுற்றில் 450 குதிரைத்திறன். பீச் 18, ஸ்டாகர்விங், டி ஹாவிலண்ட் பீவர், பெரிய எஞ்சின் மாட்டிய ஸ்டியர்மன் எல்லாவற்றிலும் இதுதான். 1953-ல் உற்பத்தி நின்றுவிட்டது. டி-6 டெக்ஸனின் ஆர்-1340, ஸ்டியர்மனின் காண்டினென்டல் டபிள்யூ-670 ஆகியவற்றுக்கு எண்கள் மாறும், யோசிக்கும் முறை மாறாது.

## சட்டம் எவ்வளவு கேட்கிறது

அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் பார்ட் 91 விதிகளின்படி தன் சொந்தப் பறத்தலுக்கு விமானம் வைத்திருப்பவர், ஓவர்ஹால் இடைவெளியை (டி.பி.ஓ.) மணிக்கணக்காகப் பின்பற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காசு வாங்கி ஆள் ஏற்றும் பார்ட் 135-க்குள் போனால் அந்தச் சலுகை போய்விடும். கனடாவிலும் தனியார் சிறு விமானத்தின் பிஸ்டன் எஞ்சினுக்கு மணிக்கணக்கும் கட்டாயமில்லை, ஆண்டுக்கணக்கும் கட்டாயமில்லை.

கட்டாயமாக இருப்பது ஆண்டுச் சோதனையும் ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ்களும் (பாதுகாப்புக்காக அரசு அமைப்பு போடும் கட்டாய உத்தரவுகள்). ஆண்டுச் சோதனையில் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் (அழுத்தத்தைக் கசியாமல் பிடிக்கிறதா என்பதை) பார்க்க வேண்டும். ஆயில் ஸ்கிரீனிலும் சம்ப் பிளக்கிலும் உலோகத் தூள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சினின் உள்ளுறுப்புகளைப் பற்றிச் சட்டம் கேட்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

விளம்பரங்களில் அடிபடும் இரண்டு சொற்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "ஓவர்ஹால்" என்று லாக்புக்கில் எழுத வேண்டுமானால் எஞ்சினைப் பிரித்து, கழுவி, சோதித்து, தேவையானதைச் சரிசெய்து, திரும்பக் கோத்து, ஓட்டிச் சோதித்திருக்க வேண்டும். பழைய மணிகளை அழித்துப் புதுக் கணக்கு தொடங்கும் "ஜீரோ டைம்" உரிமை உற்பத்தியாளருக்கும் அவர் அங்கீகரித்த நிறுவனத்துக்கும் மட்டுமே உண்டு. உற்பத்தி நின்று எழுபது ஆண்டு தாண்டிய எஞ்சினுக்கு யாராவது "ஜீரோ டைம்" என்று சொன்னால், எந்தத் தாளில் யார் கையெழுத்து என்று கேளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் ஆண்டுக்கு எத்தனை மணி பறக்கிறீர்கள் என்பது. ஆர்-985-க்கு ஓவர்ஹால் கடைகள் சொல்லும் இடைவெளி பொதுவாக 1,000-லிருந்து 1,600 மணிக்குள் இருக்கும். 1,400 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 40 மணி பறப்பவர் அதை எட்ட 35 ஆண்டு ஆகும். அதற்குள் ரப்பர் சீல் கல்லாகிவிடும், உரிமையாளர் இரண்டு முறை மாறியிருப்பார்.

இரண்டாவது, விமானம் நிற்கும் இடம். அரிசோனா பாலைவனத்து ஹேங்கரில் ஆறு மாதம் நின்ற எஞ்சினையும் ஃப்ளோரிடா கடற்கரையில் ஆறு மாதம் நின்ற எஞ்சினையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சிலிண்டரின் உட்சுவர் எஃகு. எரிந்த வாயுவிலிருந்து ஆயிலில் சேரும் நீரும் அமிலமும் வெளியேற, ஆயில் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, ஒரு மணி நேரமாவது பறக்க வேண்டும். ஹேங்கர் வாசலில் பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது நீரை வெளியேற்றாது, கூடுதலாகச் சேர்த்துவிட்டுத்தான் போகும். அப்படி ஓட்டுவதைவிட ஓட்டாமலே விடுவது மேல்.

மூன்றாவது, எஞ்சினின் வரலாறு. ரேடியலில் இதுதான் கழுத்தை அறுக்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எஞ்சின் நிற்கும்போது ஆயில் கீழே இறங்கி அடிச் சிலிண்டர்களில் தேங்கும். ஆர்-985-ல் ஒன்றாம் எண் உச்சியில் இருப்பதால் 5, 6 ஆகியவை அடியில் இருக்கும். ஆயில் சுருங்காது. அப்படியே ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டன் ஆயிலில் முட்டும், லிங்க் ராட் (பிஸ்டனை மாஸ்டர் ராட்டோடு, அதாவது கிராங்கைப் பிடித்திருக்கும் முதன்மைத் தண்டோடு, இணைக்கும் தண்டு) சற்று வளையும். இதுதான் ஹைட்ராலிக் லாக். பல நேரம் எஞ்சின் அப்போதே நின்றுவிடாது. கிளம்பி, சாதாரணமாக ஓடி, வளைந்த ராட் பல மணி கழித்து வானத்தில் முறியும். அதனால்தான் கிளப்பும் முன் மேக்னெட்டோவை அணைத்துவிட்டு (இருந்தும் எஞ்சின் கிளம்பிவிடலாம் என்ற எச்சரிக்கையோடு) ப்ரொபெல்லரைச் சுழலும் திசையில் கையால் இழுக்கிறோம். கிராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஒன்பது சிலிண்டரும் ஒருமுறை அழுத்தத்துக்கு வந்துவிடும். இரண்டு பிளேடு ப்ரொபெல்லரில் அது நான்கு பிளேடு. பலர் எட்டு, பத்து என்று இழுப்பது நல்ல பழக்கம். ப்ரொபெல்லர் நகராமல் முட்டி நின்றால் அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றி "விடுவிக்க"ப் பார்த்தால் ஆயில் இன்டேக் பைப்புக்குள் ஏறி உட்காரும், கிளம்பியதும் திரும்ப உள்ளே இழுக்கப்படும்.

உங்களுக்கு முன்னால் வைத்திருந்த மூன்று பேரும் இதைத் தவறாமல் செய்தார்களா என்று எந்த லாக்புக்கும் சொல்லாது. எதையாவது தட்டி ப்ரொபெல்லர் அடிபட்டதா, சுற்று எல்லை மீறியதா என்பதாவது சில நேரம் எழுதப்பட்டிருக்கும்.

நான்காவது, எஞ்சின் தன் நிலையை உங்களுக்குக் காட்டும் வசதி இருக்கிறதா: ஃபில்டர், சிப் டிடெக்டர் (ஆயிலில் உலோகத் துகள் வந்தால் காட்டும் கருவி), ஒவ்வொரு சிலிண்டருக்கும் வெப்பமானி. ஐந்தாவது, விமானத்தை வைத்திருக்கப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா.

## வழி 1: சொன்ன மணியில் ஓவர்ஹால்

மணி வந்ததும் இறக்கி அனுப்புவதில் யோசிக்க எதுவும் இல்லை, வாதாடவும் எதுவும் இல்லை. ஆண்டுக்கு 150, 200 மணி பறப்பவருக்கும், பீவரை ஏரிகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கும் இது பொருத்தம். மணி வேகமாக ஏறும் எஞ்சினில் தேய்மானம்தான் முதல் எதிரி, துரு இல்லை.

ஓவர்ஹால் பில்லோடு செலவு நிற்காது. மேக்னெட்டோ இரண்டு, கார்புரேட்டர், கவர்னர், ஸ்டார்ட்டர், எரிபொருள் பம்ப் ஆகியவற்றின் கணக்கு பல நேரம் தனி. இறக்கிய கையோடு ப்ரொபெல்லரும் போகும். ஹோஸ்கள், எஞ்சின் மவுன்ட் ரப்பர், எக்ஸாஸ்ட் வளையத்தின் விரிசல் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். மாற்று எஞ்சின் வாங்குகிறவர்கள் கொடுக்கும் பழைய எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட், கிராங்க்கேஸ், மாஸ்டர் ராட் ஆகியவற்றில் ஒன்று நிராகரிக்கப்பட்டாலும் கோர் சார்ஜ் (கொடுத்த பழைய எஞ்சின் உதவாததற்கான கூடுதல் கட்டணம்) தனியே வரும். விலை கேட்கும்போதே "எந்தப் பாகம் புது அளவுக்குக் கொண்டுவரப்படும், எது சர்வீஸ் லிமிட்டுக்குள் (தேய்மானத்துக்கு அனுமதித்த எல்லைக்குள்) இருந்தால் அப்படியே விடப்படும்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சட்டப்படி பெயர் ஓவர்ஹால்தான். ஒன்று அடுத்த 1,400 மணியைத் தாங்கும், மற்றது 600-லேயே பல்லைக் காட்டலாம்.

அதோடு, புதிதாகக் கோத்த எஞ்சினின் முதல் சில பத்து மணிகள்தான் கோத்த பிழைகள் வெளிவரும் காலம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை ஆராய்ந்த விஞ்ஞானி வாடிங்டன், ஒவ்வொரு 50 மணிச் சோதனைக்கும் பிறகு பழுதுகள் குறையாமல் கூடுவதைக் கண்டார். ஓடுகிற எஞ்சினில் கை வைக்காதே என்று நம் ஊர் மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

## வழி 2: ஆண்டுக்கணக்கில் ஓவர்ஹால்

தன் படுக்கை எஞ்சின்களுக்கு (சிலிண்டர்கள் கிடையாக எதிரெதிரே நிற்பவை) எஞ்சின் உற்பத்தியாளர் லைகாமிங் சொல்வது 12 ஆண்டு. அந்த எண்ணை ரேடியலுக்கும் கடன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். ஓவர்ஹாலுக்கு 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக எடுத்த எண், விலைப்பட்டியல் இல்லை). 1,400 மணி ஓடினால் மணிக்கு 43 டாலர். ஆண்டுக்கு 40 மணி பறந்து 12-ஆம் ஆண்டில் இறக்கினால் 480 மணிக்கு அதே பணம், மணிக்கு 125 டாலர். ஒழுங்காகப் பறக்கும், உலர்ந்த ஹேங்கரில் நிற்கும் எஞ்சினுக்கு இது வீண்செலவு.

இந்த வழி பொருந்துவது ஒரே இடத்தில்: ஆண்டுக்கணக்காக நின்ற எஞ்சின், எப்படி நின்றது என்று தெரியவில்லை. பாதுகாப்பு ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக் இடத்தில் சிலிக்கா ஜெல் பிளக் போட்டு, அது நீலமாகவே இருக்கிறதா என்று பார்த்து வைத்திருந்தார்கள் என்றால் சரி. பிளக் வெளிறி இளஞ்சிவப்பாகி யாரும் மாற்றாமல் கிடந்தால், அல்லது பிளக்கே இல்லையென்றால், நாட்காட்டியை மதியுங்கள்.

## வழி 3: நிலை பார்த்து ஓட்டுவது

பார்ட் 91 உரிமையாளர்களில் நிறையப் பேர் வந்து சேரும் இடம் இது. சரியாகச் செய்தால் நல்ல வழி. ஆனால் "பார்க்காமல் ஓட்டுவதை" நிலை பார்த்து ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளும் கூட்டமும் இதே வழியில்தான் நிற்கிறது.

எச்சரித்துக் கெடும் பாகங்கள் உண்டு, எச்சரிக்காமல் கெடுபவையும் உண்டு. சிலிண்டர், வால்வு, ரிங் ஆகியவை முன்கூட்டியே சொல்லும் வகை. கம்ப்ரெஷன் சோதனை எஞ்சின் சூடாக இருக்கும்போது 80 பி.எஸ்.ஐ. காற்றில் நடக்கும். கருவியின் ஒப்பீட்டுத் துளை (கசிவை ஒப்பிடக் காற்று போகும் சிறு துளை) 1,000 கன அங்குலம் வரை 0.040 அங்குலம், அதற்கு மேல் 0.060. ஆர்-985 வெறும் 15 கன அங்குல வித்தியாசத்தில் சின்னத் துளைக்குள் வருகிறது, ஆர்-1340 பெரியதற்குப் போகிறது. கருவியை மாற்றிப் போட்டால் எண்ணே பொய். காற்று எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு, பிரீதரில் (கிராங்க்கேஸின் காற்றுப்போக்கியில்) வந்தால் ரிங். அடிச் சிலிண்டர்கள் ஆயிலில் ஊறியிருந்தால் ரிங் நல்லதாகவே காட்டும், ஏமாறாதீர்கள். 5 3/16 அங்குலச் சிலிண்டர் குழாயில் 80 பி.எஸ்.ஐ. என்றால் பிஸ்டன் மேல் ஏறக்குறைய 1,700 பவுண்டு அழுத்தம். ப்ரொபெல்லரைப் பிடிக்க ஆள் இல்லாமல் காற்றைத் திறக்கவே கூடாது.

தலைப்பகுதியின் விரிசல் ஸ்பார்க் பிளக் துளையிலிருந்தும் எக்ஸாஸ்ட் வாயிலிருந்தும் கிளம்பும். ஃபின்களுக்கு நடுவே ஈரமான கருங்கறை தெரிந்தால் துடைத்துவிட்டு, ஒரு பறத்தல் கழித்துத் திரும்பவும் வருகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி 0.010 அங்குலம். ஒவ்வொரு சோதனையிலும் ஒரே வால்வு தனியாகக் குறைந்துகொண்டே வந்தால் அது சீட்டுக்குள் இறங்குகிறது அல்லது தண்டு நீள்கிறது என்று பொருள். அந்தச் சிலிண்டரைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது.

எச்சரிக்காத வகையில் தலைவன் மாஸ்டர் ராட் பேரிங். ஒன்பது சிலிண்டரின் விசையும் ஒரே கிராங்க் பின்னில் உட்காரும் இந்த ஒரு பேரிங்கில்தான். அது போனால் எஞ்சின் மொத்தமும் போகும். அதைக் கெடுப்பது மணிக்கணக்கைவிட ஓட்டும் கைதான்: உயரத்திலிருந்து இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க இழுத்து, காற்று ப்ரொபெல்லரையும் ப்ரொபெல்லர் எஞ்சினையும் சுற்றவிடுவது. விசை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக விழும், அங்கே ஆயில் படலம் மெலிந்திருக்கும். பழைய ஆட்கள் சொல்லும் விதி, 100 சுற்றுக்கு குறைந்தது 1 அங்குல மேனிஃபோல்டு அழுத்தம் (சிலிண்டருக்குள் போகும் கலவையின் அழுத்தம்): 2,000 சுற்றில் இருந்தால் 20 அங்குலத்துக்குக் கீழே போகாதே.

ஆகவே இந்த வழியில் போகிறவருக்கு முழு ஆயிலும் கடந்துபோகும் ஃபில்டர் அவசியம். தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்கிரீன் கரடுமுரடானதைத்தான் பிடிக்கும். அங்கீகரித்த ஃபில்டர் கிட் போட்டு, 25 மணிக்கு ஒருமுறை அறுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் எஃகு: கியர், ரிங், ரோலர். மஞ்சளாக மின்னினால் புஷ்ஷிங். மெல்லிய வெள்ளைச் செதில் அலுமினியமா பேரிங்கின் வெள்ளியா என்பதை ஆய்வகத்தைக் கேட்டே முடிவு செய்யுங்கள். அலுமினியமென்றால் பிஸ்டன், வெள்ளியென்றால் அடுத்த பறத்தல் கிடையாது.

ஆயில் பகுப்பாய்வைக் கண்ணை மூடி நம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த எஞ்சின் மணிக்கு ஒரு குவார்ட் குடிப்பது இயல்பு. நீங்கள் ஊற்றிக்கொண்டே இருப்பதால் உலோக அளவு நீர்த்துப்போய் அறிக்கை எப்போதும் அழகாகவே வரும். எத்தனை குவார்ட் சேர்த்தீர்கள் என்று எழுதி அனுப்பாவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பு பாதிதான்.

இந்த வழியின் மறைசெலவு விற்கும்போது வரும். 1,700 மணி என்று எழுதிய லாக்புக்கைப் பார்க்கும் வாங்குபவர், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், ஒரு முழு ஓவர்ஹாலின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேசுவார். இன்னொன்று, உலோகம் பரவி எஞ்சின் போனால் ஆயில் டேங்க், கூலர், ஹோஸ், ப்ரொபெல்லரின் டோம் (ஆயில் நிறையும் முன்பகுதி) எல்லாம் கழுவப்பட வேண்டும், சில மாற்றப்பட வேண்டும். திட்டமிட்டு இறக்கியிருந்தால் வராத பில் அது.

## வழி 4: சிலிண்டர் மட்டும், அல்லது திறந்து பார்த்துத் தேவையானதை மட்டும்

சிலிண்டர்கள் தளர்ந்து, உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால் டாப் ஓவர்ஹால், அதாவது சிலிண்டர்களை மட்டும் புதுப்பிப்பது. ஒன்று இரண்டு மட்டும் மோசமென்றால் அவற்றை மட்டும் கழற்றுங்கள். ஒன்பதையும் ஒன்றாகக் கழற்றினால் ஒன்பது புதுப் பிழைக்கு இடம் கொடுக்கிறீர்கள்.

ரேடியலுக்கே உரிய பிடி ஒன்று உண்டு: மாஸ்டர் ராட் இருக்கும் சிலிண்டரைக் கடைசியில் கழற்றி முதலில் மாட்ட வேண்டும். அதை முதலில் கழற்றிவிட்டு யாராவது ப்ரொபெல்லரைத் தொட்டால் மாஸ்டர் ராட் சாய்ந்து, மற்ற பிஸ்டன்கள் குழாய்க்கு வெளியே இறங்கி ரிங் விரிந்துவிடும். குரோம் பூசிய குழாயில் குரோம் ரிங் போடக் கூடாது. சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனரில்) இறுக்கி, மறுபடி சரிபார்க்க வேண்டும். முதல் மணிகளுக்கு மினரல் ஆயில், ஆயில் குடிப்பது நிலைக்கும் வரை.

டாப் தொடாதது நிறைய: மாஸ்டர் ராட் பேரிங், லிங்க் ராட் பின்கள், கேம் வளையம் (வால்வுகளைத் திறக்கும் வளையம்), சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி). ஆர்-985-ல் அந்த விசிறி (இம்பெல்லர்) கிராங்கைப் போல 10 மடங்கு வேகத்தில் சுற்றும். அதன் சீல் தேய்ந்தால் ஆயில் இன்டேக்கில் கசிந்து நீலப் புகை வரும். ரிங் போயிற்று என்று நினைத்து ஒன்பது சிலிண்டரையும் மாற்றிவிட்டு, அதே புகையோடு நிற்பவர்கள் உண்டு. ஒன்பது சிலிண்டரிலும் ஒரே அளவுக்குப் புகை என்றால் முதலில் சூப்பர்சார்ஜரைச் சந்தேகியுங்கள்.

முழுவதும் பிரித்து, அளந்து, தேய்ந்ததை மட்டும் மாற்றுவதும் உண்டு. ஹைட்ராலிக் லாக் சந்தேகம், ப்ரொபெல்லர் அடி, நீண்ட கிடப்பு ஆகியவற்றுக்கு இது சரியான மருந்து. ஆனால் மணிக்கணக்கு மறுபடி தொடங்காது, ஆகவே விற்பனையில் முழு மதிப்பு கிடைக்காது. பிரித்துக் கோக்கும் கூலி ஓவர்ஹாலுக்கு ஆகிற அளவே. உள்ளே மோசமாக இருந்தால் பாதியில் முழு ஓவர்ஹாலாக மாறிவிடும், அதற்கும் பணம் கையில் இருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | சொன்ன மணியில் | ஆண்டுக்கணக்கில் | நிலை பார்த்து | பகுதி வேலை |
|---|---|---|---|---|
| பொருந்துவது | ஆண்டுக்கு 150 மணிக்கு மேல் | நின்று கிடந்த, கதை தெரியாத எஞ்சின் | வரலாறு தெரிந்த, மாதம் தவறாமல் பறக்கும் எஞ்சின் | அடையாளம் தெரிந்த ஒரு குறை |
| பார்க்காமல் விடுவது | இடையில் வரும் துரு | பறந்த விதம் | மாஸ்டர் ராட் பேரிங், வளைந்த லிங்க் ராட் | சிலிண்டர் மட்டுமென்றால் உள்பாகங்கள் |
| மறைசெலவு | துணைக்கருவிகள், கோர் சார்ஜ், மாதக்கணக்கில் காத்திருப்பு | மீதமிருந்த ஆயுள் வீண் | மறுவிற்பனை விலை, போனால் பெரிய பில் | கணக்கு மறுபடி தொடங்காது |
| முன்நிபந்தனை | பணம் ஒதுக்கி வைத்திருத்தல் | இல்லை | ஃபில்டர், போரோஸ்கோப் (சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் கருவி), எழுதும் பழக்கம் | ரேடியல் தெரிந்த மெக்கானிக் |

## 1994-ஆம் ஆண்டு ஓவர்ஹாலுக்குத் திரும்பினால்

280 மணி என்பது ஆண்டுக்குப் பத்து மணிகூட இல்லை. விலை பேசும் முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒன்பது சிலிண்டரிலும் போரோஸ்கோப் விட்டுப் பாருங்கள். ரிங் நின்றிருந்த இடத்தில் ஒரு துருக்கோடு தெரியும், அந்தக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த நிலையில்தான் பிஸ்டன் நின்று கிடந்தது. ஒன்று இரண்டு சிலிண்டரில் லேசான கறை என்றால், 25 மணி அடிக்கடி பறந்து, ஃபில்டரை அறுத்துப் பார்த்துத் தொடரலாம். கை வைத்தால் நகத்தில் தட்டும் குழி என்றால் அதே துரு லிங்க் ராட் பின்னிலும் கேம் ரோலரிலும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, எஞ்சினைக் கோர் விலைக்கு மட்டும் மதித்துப் பேசுங்கள். விற்பவர் போரோஸ்கோப் விட மறுத்தாலும் அதே விலைதான்.

1,350 மணிக்காரர் தன் ஃபில்டரை அறுத்து, கம்ப்ரெஷன் எண்களைக் கடந்த ஐந்து ஆண்டுத் தாள்களோடு வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். எண்கள் அசையாமல் இருந்தால் பறக்கட்டும். ஓவர்ஹால் கடையின் வரிசை நீளம், அதனால் இப்போதே ஓர் இடம் பதிவு செய்துவைப்பது நல்லது.